பிரயாணத்தில் வயிற்றுப்போக்கு: தண்ணீரை நிறுத்தாதீர்கள்



பத்து காவானிலிருந்து இரண்டாம் பாலத்தில் ஏறித் தீவை நோக்கிச் செல்லுகிறவர்கள், அக்கரை நெருங்கும் சமயம் வலப்புறம் திரும்பிப் பார்த்தால் காடு மூடிய ஒரு சிறு தீவு தெரியும். அது ஜெரஜாக் தீவு. 1969 முதல் 1993 வரை அது சிறைத் தீவாக இருந்ததை நம்மில் பலர் அறிவோம். அதற்கு வெகு காலம் முன்பே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, கப்பலில் வந்த பிரயாணிகளை இறக்கித் தனியே வைத்துச் சோதிக்கும் தொற்றுநோய்த் தடுப்பு நிலையமும் அங்கேதான் இருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர் பினாங்கு மண்ணை மிதிக்குமுன் அந்தத் தீவைத்தான் மிதித்தார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்திய பயங்களில் முதன்மையானவை இரண்டு. ஒன்று அம்மை, மற்றொன்று காலரா என்னும் வாந்திபேதி.

அந்தப் பயம் வீண் பயமல்ல. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் காலரா பரவி, சுமார் பதினையாயிரம் ஹாஜிகள் மாண்டதாகச் சரித்திரம் கூறுகிறது. அதன் விளைவாகவே அடுத்த ஆண்டு, 1866இல், பல நாட்டு அரசுகளும் இஸ்தான்புல்லில் கூடிப் பிரயாணிகளின் சுகாதாரத்தைப் பற்றி ஆலோசித்தன. நம் பாட்டனார் காலத்தில் காலரா ஊசி போட்ட சீட்டைக் கடவுச்சீட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினார்கள். அந்த ஊசி நோய் நாடுவிட்டு நாடு பரவுவதைத் தடுக்கவில்லை என்று கண்டு, 1973இல் உலக சுகாதார நிறுவனம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது.

இன்று நாம் கப்பலில் நாட்கணக்காய்க் கிடப்பதில்லை. விமானத்தில் ஏறினால் சில மணி நேரத்தில் சென்னை அல்லது திருச்சி. பிரயாணம் சுருங்கியதும் பயமும் போய்விட்டது. பயத்தோடு ஜாக்கிரதையும் போய்விட்டது. ஆனால் கிருமி எங்கும் போய்விடவில்லை. வியாபாரத்துக்காக இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் இந்தோனேசியாவுக்கும் போய்வருகிற நமக்கு, வழியில் வயிறு கெட்டால் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டியது கடமையாகும். இந்தப் பாடத்தை எழுதும் நான் வைத்தியனல்ல, மளிகைக் கடைக்காரன். தெரியாமல் ஒரு பெரும் பிழை செய்து, அதன் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

2016ஆம் ஆண்டு ஒரு கல்யாணத்துக்காக அத்தாவைக் கூட்டிக்கொண்டு கடையநல்லூர் போயிருந்தேன். அத்தாவுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. கல்யாணச் சாப்பாடு முடிந்த மறுநாள் விடியற்காலையில் அத்தாவுக்கு வயிறு கழியத் தொடங்கியது. பொழுது விடிவதற்குள் ஐந்தாறு முறை. அத்தா தண்ணீர் கேட்டார்கள். நான் செம்பை எடுத்தபோது, எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தடுத்தார்.

"தம்பி, வயிறு கழியும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் கழியும். வயிற்றைக் காயப் போடு. தானாய் நிற்கும்" என்றார்.

பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாதென்று நானும் செம்பை வைத்துவிட்டேன். உதட்டை மட்டும் நனைத்துவிட்டேன். வழக்கமான மாத்திரைகளை மாத்திரம் தவறாமல் கொடுத்தேன். மத்தியானம் போக்குக் குறைந்தது. மருந்தில்லாமல் குணமாகிறதென்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். உண்மையில் உடம்பில் வெளியேற நீர் இல்லாமல் போனதே காரணம். அஸருக்கு எழுப்பியபோது அத்தா என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தார்கள். காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

திருநெல்வேலிக்குக் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். டாக்டர் அத்தாவின் கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிந்தபடியே நின்றது. "தண்ணீர் கொடுக்கவில்லையா?" என்று கேட்டார். "நிறுத்தி வைத்தோம்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "பேதி இவரை இந்த நிலைக்குக் கொண்டு வரவில்லை. தாகம்தான் கொண்டு வந்தது" என்று மட்டும் சொன்னார்.

அல்ஹம்துலில்லாஹ், அத்தா பிழைத்தார்கள். ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் ஊருக்குப் போகவேயில்லை. உப்பையும் சீனியையும் நிறுத்து விற்கிறவன் நான். அந்த இரண்டையும் தண்ணீரில் கரைத்து என் அத்தாவுக்குக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. சகோதரர்களே, இந்தப் பாடத்தின் சாரம் முழுவதும் இதுதான்: வயிறு கழியும்போது தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

உடம்பில் என்ன நடக்கிறது

நம் குடலுக்குள் ஒவ்வொரு நாளும் சுமார் எட்டு ஒன்பது லிட்டர் நீர் வருகிறது. நாம் குடிப்பது அதில் ஒரு பங்கு. எச்சில், பித்தம், இரைப்பை நீர் என்று உடம்பே சுரப்பது பெரும்பங்கு. ஆரோக்கியமான குடல் இதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. கால் லிட்டர்கூட வெளியே போவதில்லை. வரவும் செலவும் சரியாய் நிற்கும் கணக்கு இது.

கெட்ட தண்ணீரிலும் உணவிலும் உள்ள கிருமிகள் இந்தக் கணக்கைக் கெடுத்துவிடுகின்றன. காலராக் கிருமியோ குடல் சுவரைப் புண்ணாக்குவதுகூட இல்லை. ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு, உடம்பின் உப்பையும் நீரையும் குடலுக்குள் கொட்டச் செய்கிறது. 1884இல் ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதி செய்தார். அது நஞ்சைக்கொண்டே வேலை செய்கிறது என்பதை 1959இல் நிரூபித்தவர் அதே கல்கத்தாவின் டாக்டர் சம்புநாத் டே. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூட வெளியேறிவிடும். சாதாரணப் பிரயாண வயிற்றுப்போக்கு அவ்வளவு கடுமையல்ல. பெரும்பாலும் மூன்று நாள் முதல் ஐந்து நாளில் தானே அடங்கும். ஆயினும் ஆபத்து எதில் உள்ளது என்றால், இரண்டிலும் ஒன்றில்தான்: போன நீரும் உப்பும் திரும்ப வராமல் இருப்பதில்.

"தண்ணீர் குடித்தால் இன்னும் கழியும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? குடித்தவுடன் மீண்டும் போகிறதைக் கண்ணால் பார்க்கிறோம். அதனால் குடித்ததுதான் போகிறது என்று நினைக்கிறோம். வெளியேறுவது உடம்பிலிருந்து ஏற்கெனவே கசிந்த நீர். நாம் குடிக்காமல் இருந்தாலும் அது போகத்தான் செய்யும். கடையில் செலவு ஓடிக்கொண்டிருக்கும்போது வரவை நிறுத்தி வைத்தால் செலவு நிற்குமா? முதல்தான் கரையும்.

உப்போடு சீனி ஏன்?

வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்கலாம். கழிச்சல் வேளையில் குடல், வெறும் நீரையும் வெறும் உப்பையும் சரியாக உள்ளே வாங்குவதில்லை. ஆனால் குடல் சுவரில் ஒரு வாசல் உண்டு. குளுக்கோஸ் என்னும் சீனிச்சத்தும் உப்பும் சேர்ந்து வந்தால் அந்த வாசல் இரண்டையும் உள்ளே விடும். உப்பின் பின்னால் தண்ணீர் தானே போகும். காலரா கண்ட குடலிலும் இந்த வாசல் கெடுவதில்லை. இது ரப்புல் ஆலமீன் நம் உடம்பில் வைத்திருக்கும் ஓர் அருட்கொடை.

இதன் பலனை உலகம் கண்டது 1971ஆம் ஆண்டில். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டு, லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்தில் நிறைந்தார்கள். பன்காவ்ன் என்ற எல்லை ஊர் முகாமில் காலரா புகுந்தது. நரம்பில் ஏற்றும் சலைன் நீர் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து பொட்டலமாக்கி, குடிதண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்து, "குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள்" என்றார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த முகாமில், இந்த நீர் குடித்தவர்களில் மாண்டவர் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. கொடுத்தவர்கள் படித்த தாதிகள் அல்ல. தாயும் தகப்பனும் அண்ணனும் தங்கையும். அந்தப் பெரியவர் 2022இல் மறைந்தார். அவர் கொடுத்த முறை இன்று உலகமெங்கும் ஓ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்தில் கிடைக்கிறது.

அளவு: வியாபாரிக்குச் சொல்லவேண்டியதில்லை

அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்யக்கூடாதென்பது நம் மார்க்கத்தின் கண்டிப்பான கட்டளை. இந்த உப்பு நீரிலும் அளவு தவறினால் மோசம்தான். உப்பு மிஞ்சினால், அதிலும் குழந்தைகளுக்கு, பெரும் கேடு. சீனி மிஞ்சினால் கழிச்சல் அதிகமாகும். தண்ணீர் மிஞ்சினால் பலன் குறையும்.

இங்கே நம்மைப் போன்ற பிரயாணிகள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மலேசியாவில் மருந்துக்கடையில் வாங்கும் பொட்டலம் பெரும்பாலும் 250 மில்லி, அதாவது ஒரு குவளைத் தண்ணீருக்கு உரியது. இந்தியாவில் 1 லிட்டருக்கு உரிய பெரிய பொட்டலமும் உண்டு. 200 மில்லிக்கு உரிய சிறு பொட்டலமும் உண்டு. இங்குள்ள பழக்கத்தில் அங்குள்ள பெரிய பொட்டலத்தை ஒரு குவளையில் கரைத்தால் உப்பு நாலு மடங்காகிவிடும். ஆகவே, பொட்டலத்தின் மேல் எத்தனை மில்லி என்று எழுதியிருக்கிறதோ அதைப் படித்த பிறகே பிரியுங்கள். பாதிப் பொட்டலம் கரைப்பதும் கூடாது. தூள்கள் சமமாய்க் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

பெயரைப் பார்த்தும் ஏமாறவேண்டாம். இந்தியாவில் சில இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை அட்டையில் போட்டு விற்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்கு ஒவ்வாத பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாதென்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. சரியான தூளில் 1 லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம், ஆக மொத்தம் 20.5 கிராம் இருக்கும்.

பொட்டலம் கிடைக்காத இடத்தில்: கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சீனி 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. தேக்கரண்டி என்றால் 5 மில்லி கொள்ளும் சிறு கரண்டி. குவித்து எடுக்கவேண்டாம், கத்தி முதுகால் வழித்துச் சமமாய் எடுங்கள். கரைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள்; கண்ணீரைவிட உப்பாய் இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். கலக்கிய நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது.

கொடுக்கும் முறை

பெரியவர்கள் ஒவ்வொரு முறை போய்வந்த பிறகும் 200 முதல் 400 மில்லி வரை குடிக்கவேண்டும். இரண்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு 100 முதல் 200 மில்லி. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, கரண்டியால். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது.

வாந்தி எடுத்தால் "உள்ளே தங்கவில்லையே" என்று கைவிடாதீர்கள். பத்து நிமிஷம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு கரண்டியாகக் கொடுங்கள். எடுத்ததுபோக ஒரு பங்கு உள்ளே நிற்கும்.

நீரிழிவுக்காரர் சீனி இருக்கிறதே என்று பயப்படவேண்டாம். 1 லிட்டரில் உள்ளது 13.5 கிராம்தான். சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொண்டு குடிக்கலாம்.

இளநீர், உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர் ஆகியவை நல்லவையே. ஆனால் இளநீரில் உப்பு குறைவு. கடுமையான கழிச்சலுக்கு அது ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஈடாகாது. கடைகளில் போத்தலில் விற்கும் இனிப்புப் பானங்களில் சீனி மிகுதி, தவிர்ப்பது நலம். பட்டினி போடுவதும் வேண்டாம். பசித்தால் கஞ்சி, இட்லி, வாழைப்பழம் என்று லேசாய்ச் சாப்பிடலாம்.

நோன்பு நாளாய் இருந்தால், நோயாளிக்கும் பிரயாணிக்கும் நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யும் சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது. உடம்பு வற்றும் நிலையில் அந்தச் சலுகையைத் தள்ளிவிட்டுப் பிடிவாதம் செய்வது பேணுதலாகாது.

மாத்திரை விஷயம்

நம் பெட்டிகளில் கரி மாத்திரையும், சீன மருந்துக்கடை வயிற்றுவலி மருந்தும் எப்போதும் இருக்கும். கரி மாத்திரை நாம் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் பிடித்து வைத்துக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுக்கக்கூடும். எந்த மாத்திரையும் போன தண்ணீரைத் திருப்பித் தராது.

போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை, விமானமோ பஸ்ஸோ ஏறவேண்டிய அவசரத்தில் பெரியவர்களுக்கு உதவும். ஆனால் காய்ச்சல் இருந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ அதைத் தொடக்கூடாது. கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். குழந்தைகளுக்கு அது கூடவே கூடாது. கிருமிகொல்லி மருந்துகளை நாமே கேட்டு வாங்கி விழுங்குவதும் தவறு. சாதாரணக் கழிச்சலுக்கு அவை தேவையில்லை. வீணாய்த் தின்றால் பிறகு தேவைப்படும் சமயத்தில் பலிக்காமல் போகும்.

நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். மெட்ஃபார்மினும், சிறுநீரைப் பிரிக்கும் மாத்திரையும், வேறு சில அழுத்த மாத்திரைகளும், உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது தீங்கு செய்யக்கூடும். அத்தாவுக்கு நான் தண்ணீரை நிறுத்திவிட்டு மாத்திரையை நிறுத்தாமல் கொடுத்தேன். இரண்டும் தலைகீழ். ஆனால் நாமாகவும் எதையும் நிறுத்தக்கூடாது. இன்சுலினை நிறுத்தினால் அதுவே ஆபத்தாகும். புறப்படுமுன் உங்கள் டாக்டரிடம், "வழியில் வயிற்றுப்போக்கு வந்தால் இவற்றில் எதை நிறுத்தவேண்டும், எதை நிறுத்தக்கூடாது?" என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தாமதிக்கக்கூடாத அடையாளங்கள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்றைக் கண்டாலும் வீட்டு வைத்தியத்தை விட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். வழியில் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போகவேண்டும்.

1. ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை.
2. மயக்கம், தடுமாற்றமான பேச்சு, ஆளை அடையாளம் தெரியாமை.
3. கண் குழிவிழுதல், தோலைக் கிள்ளினால் மடிப்பு மெல்ல மறைதல்.
4. மலத்தில் இரத்தம் அல்லது கடும் காய்ச்சல்.
5. அரிசி கழுவிய நீர்போல ஓயாமல் போதல்.
6. எதைக் குடித்தாலும் சிறிதும் தங்காமல் வாந்தி.

முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், நீரிழிவுக்காரர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த அடையாளங்கள் தோன்றும்வரை காத்திருக்கவேண்டாம். முதல் நாளே டாக்டரிடம் காட்டுவது நலம். முதியோருக்குத் தாகம் தெரிவதே குறைவு. அவர்கள் கேட்கட்டும் என்று நாம் இருந்துவிடக்கூடாது.

வராமல் காத்துக்கொள்ள

முதலாவது, கை. ஒளுச் செய்வதால் நம் கை சுத்தம்தானே என்று நினைக்கிறோம். ஒளு இபாதத்துக்கு உரிய சுத்தம். கிருமி போகச் சோப்பும் வேண்டும். கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும், சாப்பிட உட்காருமுன்பும், சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவுங்கள். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து விருந்துகளில் ஒரே சகனில் பலர் கைவைத்து உண்ணுகிறோம். அந்தச் சகோதர பாவம் நம் பெருமை. அதில் ஒருவர் கை அசுத்தமானால் எல்லார் வயிறும் கெடும் என்பதையும் மறக்கலாகாது. கையில் தடவும் ஆல்கஹால் திரவம் சில வயிற்றுக் கிருமிகளைக் கொல்லாது. சோப்பும் தண்ணீருமே மேல்.

இரண்டாவது, தண்ணீர். நன்றாய்த் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்த தண்ணீர், அல்லது மூடி உடையாத போத்தல் தண்ணீர். ஐஸ் கட்டியில் கிருமி சாவதில்லை, உறங்கிக் கிடக்கிறது. கரும்புச் சாற்றிலும் சர்பத்திலும் மிதக்கும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்ததென்று நமக்குத் தெரியாது. ஆவி பறக்கும் தேநீர் பயமற்றது. பல் துலக்கவும், ஒளுவில் வாய் கொப்புளிக்கவும், சந்தேகமான ஊரில் நல்ல தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உணவு. சூடாய்ச் சமைத்துச் சூடாய்ப் பரிமாறியதைச் சாப்பிடுங்கள். கல்யாண பிரியாணி தீயிலிருந்து இறங்கியவுடன் நல்லது. நாலு மணி நேரம் திறந்து கிடந்த பிறகு அதே பிரியாணி அல்ல. ஆறிய சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பச்சை வெங்காயத் தயிர்ப்பச்சடி, நறுக்கி வைத்த பழம், வெளியில் நெடுநேரம் நின்ற தேங்காய்ச் சட்னி ஆகியவற்றில் எச்சரிக்கை வேண்டும். பழத்தை நாமே தோலுரித்துத் தின்பது மேல். உணவுப் பாத்திரங்களை மூடிவைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் மதரஸாவிலேயே படித்திருக்கிறோம்.

புறப்படுமுன்னும் திரும்பிய பின்னும்

டைஃபாய்டுத் தடுப்பூசியைப் பிரயாணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே போட்டுக்கொள்ளவேண்டும். மஞ்சள் காமாலையில் ஒரு வகையான ஹெப்படைட்டிஸ் ஏ நோய்க்கும் ஊசி உண்டு. பெட்டியில் ஆறு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஒரு தேக்கரண்டி, அளவுக் கோடிட்ட ஒரு போத்தல், ஒரு சிறு சோப்பு, டாக்டர் எழுதித் தந்த சீட்டு. இவ்வளவும் ஒரு சட்டைப் பொட்டலத்தின் இடத்தைக்கூட அடைக்காது.

திரும்பிய ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் விடாத காய்ச்சல் கண்டால், டாக்டரிடம் எந்த ஊருக்குப் போய்வந்தோம் என்பதை முதலில் சொல்லுங்கள். டைஃபாய்டு அவ்வளவு நாள் பதுங்கியிருந்து வெளிப்படும்.

நம் கடைக்கு வரும் பிரயாணி

நாம் பிரயாணிகளாய் இருப்பது சில நாள். மற்ற நாளெல்லாம் பிரயாணிகள் நம் கடைக்கு வருகிறார்கள். பினாங்கின் நாசி கண்டாரைத் தேடி எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் நம் கையை நம்பித்தான் தட்டில் கை வைக்கிறார்கள். இந்நாட்டில் உணவைக் கையாளுகிறவர்கள் டைஃபாய்டு ஊசி போட்டிருக்கவேண்டும், அதற்குரிய பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்பது சட்டம். இன்ஸ்பெக்டர் வருவார் என்பதற்காக மாத்திரம் அதைச் செய்யவேண்டாம். வயிறு கழிகிற சிப்பந்தியை அன்று சமையலில் நிறுத்தாமல் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்புங்கள். அந்த ஒரு நாள் கூலி நஷ்டமல்ல. வாடிக்கைக்காரர் வயிறு நம்மிடம் உள்ள அமானிதம்.

முடிவாக

சகோதரர்களே, இந்தப் பாடத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் ஒன்றை மட்டும் வீட்டில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்: 1 லிட்டர் தண்ணீர், 6 கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு, போகப்போகக் கொடு. யாராவது ஒரு பெரியவர், "வயிற்றைக் காயப் போடு" என்று சொன்னால், அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். ஆனால் கையில் எடுத்த செம்பைக் கீழே வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன்.

வல்ல அல்லாஹ் நம் பிரயாணங்களை இலேசாக்கி, நம் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.